ஆங்கிலம் பழகுவோம்: படு, கிட, வை, ஒதுக்கு – பக்கத்துச் சொல் பொருளை மாற்றும்!



இந்த மாதப் பாடத்தை ஒரு கடிதத்தில் இருந்து தொடங்குகிறோம்.

நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவுக்கு வங்கியில் இருந்து கடிதம் வந்தது. முழுக்க ஆங்கிலம். அடுத்த கடனுக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டு எல்லோரும் காத்திருந்த நேரம் அது. ஊக்குநர் அக்காவின் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். "என்ன எழுதியிருக்குன்னு பாரு தாயி" என்று அவளிடம் கொடுத்தார்கள். பிள்ளை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "'செட் ஆஃப்'னு போட்டிருக்கும்மா. அப்படின்னா 'புறப்படு'ன்னு எங்க புக்குல இருக்கு. பணம் பொறப்பட்டாச்சுன்னு நெனைக்கேன்" என்றாள்.

குழு முழுக்க ஒரே சந்தோஷம். பணம்தான் கிளம்பிவிட்டதே என்ற நம்பிக்கையில், ஒரு சகோதரி ஆடு வாங்க வெளியில் வட்டிக்குப் பணம் எடுத்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து பாஸ் புத்தகத்தில் வரவு போடப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. கடன் வரவில்லை. அதோடு, சேமிப்பில் இருந்த பணமும் குறைந்திருந்தது!

கடிதத்தில் இருந்த செய்தி இதுதான்: "பழைய கடனில் தவணை தவறிய பாக்கிக்காக, உங்கள் குழுவின் சேமிப்பில் இருந்து ஈடு கழித்துக்கொண்டோம்." 'செட் ஆஃப்' என்பதற்கு அந்த இடத்தில் பொருள் 'ஈடு கழித்தல்'.

அந்தப் பிள்ளை மேல் தப்பே இல்லை. 'செட் ஆஃப்' என்றால் 'புறப்படு' என்பதும் சரிதான். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம். "இங்கிலீஷா, நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பாதிப் பாடம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

முதலில் நம் தமிழைப் பார்ப்போம்

'வை' என்று ஒரு சொல். அதற்கு முன்னால் இன்னொரு சொல் வந்து சேர்ந்தால் என்ன ஆகிறது?

எடுத்து வை. அடுக்கி வை. இறக்கி வை. தள்ளி வை. ஒதுக்கி வை.

எல்லாவற்றிலும் 'வை' இருக்கிறது. ஆனால் பொருள் வேறு வேறு. அதிலும் 'ஒதுக்கி வை' என்பதைப் பாருங்கள். "பிள்ளை படிப்புக்கு மாசம் நூறு ரூபாய் ஒதுக்கி வைக்கேன்" என்றால் சேமிப்பு. "அந்தக் குடும்பத்தை ஊரே ஒதுக்கி வச்சிருச்சு" என்றால் கொடுமை. 'கூட்டத்தைத் தள்ளி வை' என்பது வேறு, 'பெண்டாட்டியைத் தள்ளி வைத்தான்' என்பது வேறு. 'போட்டுக் கொடு' என்று கடைக்காரரிடம் சொன்னால் கொசுறு. பக்கத்து வீட்டுக்காரி செய்தால் கோள்!

இவற்றை நாம் யாரிடமும் கேட்டுப் படிக்கவில்லை. பேச்சில் யாரைப் பற்றி, எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை வைத்தே பொருளைப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்திலும் இதே கதைதான். நாம் துணைச் சொல்லை முன்னால் வைக்கிறோம். அவர்கள் 'டவுன்', 'அவே', 'ஆஃப்', 'அவுட்', 'அசைடு' போன்ற சின்னச் சொல்லைப் பின்னால் வைக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இதை 'பிரேசல் வெர்ப்' என்பார்கள். நாம் 'கூட்டு வினை' என்று வைத்துக்கொள்வோம்.

கிட – கிடத்து: 'லை' – 'லே'

தமிழில் ஒரு வேலை தானாக நடந்தால் ஒரு சொல், நாம் நடத்தினால் இன்னொரு சொல். குழந்தை பாயில் கிடக்கிறது. நாம் குழந்தையைப் பாயில் கிடத்துகிறோம். மரம் சாய்கிறது, நாம் சாய்க்கிறோம். வண்டி நிற்கிறது, நாம் நிறுத்துகிறோம். குழுவில் சேர்கிறோம், பணத்தைச் சேர்க்கிறோம். இலக்கணத்தில் இதைத் தன்வினை, பிறவினை என்பார்கள்.

ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட ஜோடிகள் கொஞ்சம்தான். நான்கைச் சொல்கிறோம்:

'சிட்' – உட்கார். 'செட்' – உட்கார வை, பொருத்தி வை.
'ரைஸ்' – எழு. 'ரெய்ஸ்' – எழுப்பு, உயர்த்து.
'ஃபால்' – விழு. 'ஃபெல்' – (மரத்தை) வெட்டி வீழ்த்து.
'லை' – படு, கிட. 'லே' – கிடத்து, வை.

கடைசி ஜோடிதான் எல்லோரையும் குழப்பும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே இதில் தடுமாறுவார்கள். காரணம் இதுதான். 'லை' என்பதற்கு நேற்றைய காலம் 'லே'. 'லே' என்பதற்கு நேற்றைய காலம் 'லெய்ட்'. அதாவது, 'லே' என்ற ஒரே ஒலி ஒரு இடத்தில் 'கிடந்தது' என்றும், இன்னொரு இடத்தில் 'வை' என்றும் பொருள் தருகிறது.

இன்று: 'தி பேபி லைஸ் ஆன் தி மேட்' – குழந்தை பாயில் கிடக்கிறது.
நேற்று: 'தி பேபி லே ஆன் தி மேட்' – குழந்தை பாயில் கிடந்தது.
இன்று: 'ஐ லே தி பேபி ஆன் தி மேட்' – நான் குழந்தையைப் பாயில் கிடத்துகிறேன்.
நேற்று: 'ஐ லெய்ட் தி பேபி ஆன் தி மேட்' – நான் குழந்தையைப் பாயில் கிடத்தினேன்.

போதாக்குறைக்கு, 'லை' என்றால் பொய் சொல் என்றும் ஒரு பொருள் உண்டு. ஆனால் பொய் சொன்னதற்கு நேற்றைய காலம் 'லைடு'. அதனால் 'ஷி லே' என்றால் படுத்தாள், 'ஷி லைடு' என்றால் பொய் சொன்னாள். இதை மாற்றிச் சொன்னால் சண்டைதான் வரும்!

ஞாபகம் வைக்க ஒரு வழி சொல்கிறோம். கோழி வளர்க்கிறவர்கள் 'லேயர் கோழி' என்கிறோம் அல்லவா? முட்டைக் கோழி. அந்த 'லேயர்' இந்த 'லே'யில் இருந்து வந்ததுதான். தமிழிலும் கோழி முட்டை 'இடுகிறது' என்றுதானே சொல்கிறோம்? இடு என்றாலும் வை என்றாலும் ஒன்றுதான். கோழி முட்டையை 'லே' பண்ணும். பிறகு முட்டை கூடையில் 'லை' பண்ணும். எதையாவது வைத்தால் 'லே', தானாகக் கிடந்தால் 'லை'.

ஆஸ்பத்திரியில், ஸ்கேன் சென்டரில் 'லை டவுன்' என்றால் 'படுங்க' என்று அர்த்தம். 'லை ஆன் யுவர் லெஃப்ட் சைடு' என்றால் 'இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்க' என்று அர்த்தம். வெளியூர் டாக்டர், நர்ஸ் சொல்லும்போது முழித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

பக்கத்தில் பக்கத்தில்: 'சைடு பை சைடு'

பூ கட்டுகிற சகோதரிகள் நம்மிடம் நிறைய உண்டு. இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம் என்று நெருக்கி வைத்துத்தானே கட்டுகிறீர்கள்? தறி ஓட்டுகிற வீடுகளில் பாவு நூல் இழை இழையாகப் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். இதற்கு ஆங்கிலத்தில் 'சைடு பை சைடு' என்று பெயர். நம் சங்கரன்கோவிலிலேயே சங்கரலிங்க சுவாமி சன்னதி, சங்கரநாராயணர் சன்னதி, கோமதி அம்மன் சன்னதி மூன்றும் வரிசையாக இருக்கின்றன. அதுவும் 'சைடு பை சைடு'தான். நடுவில் உள்ள சங்கரநாராயணர் மட்டும் இந்தக் கணக்கில் வராது. ஒரு பாதி சிவன், ஒரு பாதி திருமால். அது பக்கத்தில் பக்கத்தில் அல்ல, ஒன்றிலேயே இரண்டு!

பொருட்களை வைப்பதற்கு அன்றாடம் வரும் கூட்டு வினைகள் இவை:

'புட் டவுன்' – இறக்கி வை. தலையில் உள்ள குடத்தை 'புட் டவுன்' பண்ணலாம். ஒரு ஆளை 'புட் டவுன்' பண்ணினால் மட்டம் தட்டுவது.
'புட் அவே' – எடுத்த இடத்தில் எடுத்து வை.
'புட் டுகெதர்' – ஒன்றாகச் சேர்த்து வை, பொருத்து.
'லைன் அப்' – வரிசையாக வை. ஆட்கள் என்றால் வரிசையில் நில்.
'லே அவுட்' – பரப்பி வை. துணியை வெட்டும் முன் மேசையில் விரித்துப் போடுவது இதுதான்.
'செட் அசைடு', 'புட் அசைடு', 'புட் பை' – ஒதுக்கி வை, சேமித்து வை.
'புட் ஆஃப்' – தள்ளிப் போடு, ஒத்தி வை.

'லே அவுட்' என்பதை வீட்டுமனை விளம்பரத்திலும் பார்த்திருப்பீர்கள். மனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் பிரித்துப் போட்ட வரைபடம்தான் லே அவுட். காட்டில் கல் நட்டிருப்பதைப் பார்த்து மட்டும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். அங்கீகாரம் பெற்ற லே அவுட்டா, அங்கீகார எண் என்ன என்று கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்த அரசு 2017-இல் விதிகள் கொண்டுவந்தபோது, 2016 அக்டோபர் 20 வரை பதிவான மனைகளைத்தான் அதில் சேர்த்தது. எனவே 'லே அவுட்' என்ற சொல் இருந்தால் போதாது. அதற்கு முன்னால் 'அப்ரூவ்டு' இருக்கிறதா, அது உண்மையா என்று பாருங்கள்.

பக்கத்தில் வைக்கக் கூடாதவை: 'கீப் அவே'

பூச்சிமருந்து டப்பாவில் 'கீப் அவுட் ஆஃப் ரீச் ஆஃப் சில்ட்ரன்' என்று இருக்கும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வை என்று பொருள். 'கீப் அவே ஃப்ரம் ஃபுட் ஸ்டஃப்ஸ்' என்றால் தின்கிற பொருள் பக்கத்தில் வைக்காதே. நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? மருந்து டப்பா ஒரு மூலை, அரிசி மூட்டை அதே மூலை. 'சைடு பை சைடு'!

ஆங்கிலம் தெரியாவிட்டாலும் டப்பாவில் ஒரு அடையாளம் இருக்கிறது. சாய்வாக நிற்கும் சதுரம். அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தில் நிறம். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். மண்டை ஓடும் போட்டிருக்கும். மஞ்சள் அதற்கு அடுத்தது. நீலம் அதற்கும் கீழே. பச்சை, இருப்பதில் குறைவானது. பச்சை என்றால் பயமில்லை என்று அர்த்தம் அல்ல, அதுவும் விஷம்தான்.

கடிதத்தில் வரும்போது கவனம்!

வீட்டுச் சாமானை வைக்கிற இதே சொற்கள் வங்கி, மில், கோர்ட்டு கடிதங்களில் வரும்போது பொருள் மாறிவிடும். மூன்று சொற்களை மட்டும் இந்த மாதம் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

1. 'லே ஆஃப்'

நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் நூற்பாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். 'லே ஆஃப்' நோட்டீஸ் ஒட்டினால் "வேலையை விட்டு அனுப்பிட்டாங்க" என்று பெட்டி படுக்கையோடு வீட்டுக்கு வந்துவிடக் கூடாது. பேப்பரிலும் டிவியிலும் நிரந்தர ஆட்குறைப்பையும் இப்படிச் சொல்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி இல்லை. 2020-இல் நிறைவேறிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, மின்சாரம் இல்லை, மூலப்பொருள் இல்லை, இயந்திரம் பழுது போன்ற காரணங்களால் வேலை கொடுக்க முடியாத நிலைதான் 'லே ஆஃப்'. தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் இருக்கும். ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, தகுதியுள்ள ஆலைகளில், அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதி இழப்பீடாக உண்டு. அதற்கு முன் இருந்த 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்திலும் இந்தப் பாதித் தொகை இருந்தது. நிரந்தரமாக நிறுத்துவதற்குச் சட்டம் வைத்த பெயர் 'ரிட்ரெஞ்ச்மென்ட்'. இரண்டும் ஒன்றல்ல. வீட்டுக்கு வந்துவிட்டால் பாதிச் சம்பளத்தைக் கேட்க ஆள் இருக்காது.

2. 'செட் அசைடு'

பணத்தை 'செட் அசைடு' பண்ணினால் ஒதுக்கி வைப்பது, நல்ல காரியம். கோர்ட்டு ஒரு உத்தரவை 'செட் அசைடு' பண்ணினால் அந்த உத்தரவு ரத்து! ஜீவனாம்ச வழக்கில் நமக்குச் சாதகமான உத்தரவு வந்து, பிறகு இந்தச் சொல்லோடு ஒரு கடிதம் வந்தால், "நமக்குன்னு எடுத்து வச்சிருக்காங்க" என்று இருந்துவிடாதீர்கள். மேற்கொண்டு செய்ய வேண்டியதற்குக் கால வரம்பு உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, பெண்கள் அனைவருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

3. 'செட் ஆஃப்'

இதுதான் நம் கதையில் வந்த சொல். பயணத்தில் 'செட் ஆஃப்' என்றால் புறப்படு. கணக்கில் 'செட் ஆஃப்' என்றால், வரவையும் கடனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் இருந்து ஒன்றைக் கழிப்பது. நாமே செய்கிறோமே! "நீ எனக்கு ஆயிரம் தரணும், நான் உனக்கு நானூறு தரணும், கழிச்சுக்கிட்டு அறுநூறு கொடு மதினி" என்கிறோம். அதுதான் 'செட் ஆஃப்'.

வங்கிக்கு இந்த உரிமை உண்டு. ஆனால் பொதுவாக இரண்டு கணக்கும் ஒரே பெயரில் இருக்க வேண்டும். குழுக் கடனுக்காக ஒரு உறுப்பினரின் சொந்த சேமிப்பில் கை வைக்க, அதற்கு அவர் ஒப்பந்தத்தில் சம்மதித்திருக்க வேண்டும். எனவே கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன், "இதில் செட் ஆஃப் பற்றி என்ன எழுதியிருக்கு?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

இதோடு சேர்த்து இன்னொரு சொல் 'லியன்'. ஒலியைப் பார்த்தால் 'லை'க்குத் தங்கச்சி போலத் தெரியும், சொந்தமே கிடையாது. பிடிமானம், கட்டு என்று பொருள். சேமிப்பில் 'லியன்' போட்டால் அந்தப் பணத்தை எடுக்க முடியாது. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வரும் குழுக்களுக்கு, 10 லட்சம் ரூபாய் வரையான கடனுக்குப் பிணையம் கேட்கக் கூடாது, சேமிப்புக் கணக்கில் லியன் போடக் கூடாது, கடன் வழங்க டெபாசிட் கட்டச் சொல்லவும் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. இதைத் தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அந்தக் குழு என்ன செய்தது?

ஊக்குநரும் பிரதிநிதியும் தீர்மான நோட்டோடு வங்கிக்குப் போனார்கள். எந்தத் தவணை தவறியது, எவ்வளவு கழித்தீர்கள் என்று கணக்கைக் கேட்டு வாங்கினார்கள். பார்த்தால், இரண்டு உறுப்பினர்கள் குழுவில் கட்டிய பணம் வங்கிக்குப் போய்ச் சேரவே இல்லை. "அடுத்த மாசம் சேர்த்துக் கட்டிரலாம்" என்று கையிலேயே இருந்திருக்கிறது. பாதித் தப்பு நம் பக்கம்தான். அந்தப் பணத்தைக் கட்டியபின் விண்ணப்பம் நகர்ந்தது. ஆடு வாங்கிய சகோதரிக்குக் குழு உள்கடன் கொடுத்து வெளிவட்டியை அடைத்தது. ஆனாலும் நடுவில் போன வட்டி போனதுதான். ஒரு சொல்லுக்குக் கொடுத்த விலை!

வங்கியின் அச்சடித்த படிவங்கள் ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி மூன்றிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுரை. ஆகவே "தமிழ்ல சொல்லுங்க சார்" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. புகார் இருந்தால் முதலில் வங்கியில் எழுதிக் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான தகவல் எண் 14448.

நினைவில் வைக்க மூன்று

1. சின்னச் சொல்லை விடாதீர்கள். 'செட்' மட்டும் பார்த்தால் போதாது. பக்கத்தில் 'ஆஃப்' இருக்கிறதா, 'அசைடு' இருக்கிறதா என்று பாருங்கள்.
2. யார் எழுதியது, எதைப் பற்றி என்று பாருங்கள். வீடா, வங்கியா, மில்லா, கோர்ட்டா?
3. பணம், வேலை, வழக்கு பற்றிய கடிதம் என்றால் இரண்டு பேரிடம் படித்துக் காட்டுங்கள். ஒரு பிள்ளையின் தலையில் அந்தப் பாரத்தை ஏற்றாதீர்கள்.

குழுக் கூட்டத்தில் செய்து பாருங்கள்

ஒரு ஜமுக்காளம், நான்கு டம்ளர், இரண்டு நோட்டு, ஒரு குடம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சொல்ல, மற்றவர் செய்ய வேண்டும். முறை வைத்து எல்லோரும் சொல்லுங்கள்.

அ. 'புட் டவுன் தி பாட்.'
ஆ. 'லைன் அப் தி டம்ளர்ஸ்.'
இ. 'லே தி நோட்புக்ஸ் சைடு பை சைடு.'
ஈ. 'புட் அவே தி டம்ளர்ஸ்.'
உ. 'லை டவுன்.' (யார் படுக்கிறார்களோ அவர் வெட்கப்படக் கூடாது!)

இப்போது இரண்டு கேள்வி. 'தி மீட்டிங் இஸ் புட் ஆஃப்' – கூட்டம் முடிந்ததா, தள்ளிப் போனதா? 'தி ஆர்டர் இஸ் செட் அசைடு' – உத்தரவு பத்திரமாக இருக்கிறதா, ரத்தானதா?

விடை: தள்ளிப் போனது. ரத்தானது.

உங்கள் குழுவுக்கு வந்த கடிதங்களில் புரியாத ஆங்கிலச் சொல் இருந்தால், கடிதத்தோடு மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து படிப்போம். அந்த பிளஸ் டூ பிள்ளையும் இப்போது கூட்டத்துக்கு வருகிறாள். யார் கடிதம் கொடுத்தாலும், "இருங்கக்கா, முழு வரியையும் படிச்சிட்டுச் சொல்லுதேன்" என்கிறாள். நாமும் அப்படியே பழகுவோம்.